அருளப்பன் கேட்ட நிறம்

பல் தேய்ப்பதற்கு முன்னால் கல்யாணம் நடத்தி வைக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் வருஷக்கணக்காகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மரிய அந்தோணிதான் அவர். விடிந்ததும் விடியாததுமாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே தொட்டி தொட்டியாகச் செம்பருத்தி. அன்றைக்கு மலர்ந்த ஒரு பூவைப் பறிப்பார். அதன் நடுத்தண்டில் ஒட்டியிருக்கிற மஞ்சள் தூளை இன்னொரு செடியின் பூவுக்குக் கொண்டுபோய், அதன் நுனியில் இருக்கிற ஐந்து பொட்டுகளிலும் பையப் பையத் தடவுவார். மூச்சுக்கூட விட மாட்டார். பிறகு அந்தப் பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டுவார். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது.

"கோயில்ல ஓலை வாசிச்சாச்சா? மூணு வாரம் வாசிக்கணும்லா?" என்று, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பேர் அறிவிப்பதைச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டு, காப்பி டம்ளரோடு போய் நிற்பேன்.

அவர் சிரிப்பார். பதில் சொல்ல மாட்டார். எனக்கு வாய் ஜாஸ்தி, அவருக்கு வாயே கிடையாது. எங்கள் குடும்பம் இத்தனை காலம் ஓடியதே அதனால்தான் என்று உவரியில் என் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செம்பருத்தி என்றால் உங்களுக்கெல்லாம் அந்தச் சிவப்புப் பூதான் ஞாபகம் வரும். அம்மன் கோயிலுக்குக் கொண்டு போவார்கள், இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பார்கள். இவர் வளர்த்தது ஹைப்ரிட். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். ஒரு பூவுக்குள்ளேயே மூன்று நிறம் இருக்கும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே காயிலிருந்து எடுத்த விதையாக இருக்கும், முளைத்து வருகிற செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் பூக்கும். அப்பன் சாயலும் இருக்காது, ஆத்தாள் சாயலும் இருக்காது. காய் முற்ற இரண்டு மாதம், விதை முளைத்துச் செடியாகி முதல் மொட்டு விட ஒரு வருஷத்துக்கு மேல். அதுவரை அது என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. இவர் அத்தனை நாளும் காத்திருப்பார். மொட்டு வாய் திறக்கிற காலையில் அதன் முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருப்பார். பூ விரிந்ததும் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எழுந்து வந்து, "இது இல்ல தெரசா" என்பார்.

எது இல்லை? அதைச் சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் உவரி. கடற்கரையில் பிறந்தவர் இவர், ஆனால் மீன்பிடிக்கிற வல்லத்தில் ஏறவில்லை, கப்பலில் ஏறினார். எஞ்சின் ரூமில், மெஷினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர் வேலை. அந்தோணி உலகம் சுற்றுகிறான் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். அடக் கொடுமையே! உலகம் சுற்றியது கப்பல். இவர் கிடந்தது அதன் வயிற்றுக்குள். அங்கே ஜன்னல் கிடையாது, பகல் கிடையாது, மழைக்காலம் வெயில்காலம் கிடையாது. வருஷம் முழுக்க ஒரே சூடு, ஒரே இரைச்சல். ஷிஃப்ட் முடிந்தால் படுக்கை. இருபது வருஷத்துக்கு மேல் கடலில் இருந்த மனிதர், கடலைப் பார்த்ததைவிட எண்ணெய் துடைக்கிற அழுக்குத் துணியைப் பார்த்ததுதான் அதிகம்.

இவருடைய தம்பி அருளப்பன் அப்படி இல்லை. அவன் வல்லத்தில் போகிறவன். விடியற்கருக்கலிலேயே கடலுக்குள் இருப்பான். பொழுது இன்னும் கிளம்பவில்லை, ஆனால் இருட்டு போய்விட்டது, காற்றும் விழுந்துவிட்டது, அப்படி ஒரு நேரம் வருமாம். அந்த நேரத்தில் கடல் ஒரு நிறத்துக்கு மாறும் என்பான். நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை, கத்தரிப்பூவும் இல்லை, எல்லாம் கலந்து அடியில் லேசாக ஒரு ரோஸ் ஓடும். புறாக் கழுத்து மாதிரி இருக்கும் என்று தன் கழுத்தைத் தடவிக் காட்டுவான். 'கடல் முழிக்குது' என்பதுதான் அவன் அதற்கு வைத்திருந்த பேர்.

"மதினி, கடல் முழிக்கதப் பாத்திருக்கீங்களா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டான்.

"எனக்கு நான் முழிக்கதே பெரும்பாடு. இதுல கடல் வேறயா?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பிள்ளை. கையில் எப்போதும் மீன் வாசனையும் வாயில் எப்போதும் ஒரு பாட்டுமாகத் திரிவான். எனக்கு உடன்பிறந்த தம்பி கிடையாது, அந்தக் குறையே தெரியாமல் வைத்திருந்தான்.

இவர் லீவு முடிந்து கப்பலுக்குக் கிளம்புகிற சமயம். கரையில் அருளப்பன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தை பெனிஷாவை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"அண்ணே, நான் கேக்கணும்னே இருந்தேன்" என்றான் அருளப்பன். "கரையே தெரியாத நடுக்கடல்ல அந்த நிறம் எப்படி இருக்கும்? இங்கன மாதிரிதானா? இல்ல, இதைவிட நல்லா இருக்குமா?"

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருநாள்கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை என்று தம்பியிடம் சொல்ல வெட்கம்.

"இந்தத் தடவ பாத்துட்டு வந்து சொல்லுதேன்லே" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

என் காதால் கேட்டேன். அதை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் போனார். சொன்ன வாக்குக்காக, ஷிஃப்ட் முடிந்த அலுப்போடு கருக்கலில் மேல்தளத்துக்கு ஏறினார். ஒருநாள் மழை, ஒருநாள் மூட்டம், ஒருநாள் காற்று. விடாமல் ஏறிக்கொண்டே இருந்தார். ஒரு விடியற்காலையில் அது வந்தது. கையெல்லாம் எண்ணெய்க் கரியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாராம். இதை என்னிடம் சொன்னதே எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்தான்.

ஊருக்கு வந்தபோது பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அருளப்பன் எங்க?" என்பதுதான் முதல் பேச்சு. நான்தான் சொன்னேன். வேறு யாருக்கும் தைரியம் இல்லை. வல்லம் மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. ஊரே நாள்கணக்கில் தேடியது. உடம்பும் கிடைக்கவில்லை. கப்பலுக்குச் சேதி சொல்ல அந்தக் காலத்தில் எங்களுக்கு வழி தெரியாது. இவர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டியை உள்ளே எடுத்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி கொளுத்துவோம். கடலில் போனவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுக்கான பூவைக் கரைக்குக் கொண்டுபோய் அலையில் போடுவோம். ஒவ்வொரு வருஷமும் இவர் தகப்பனார் கல்லறை வரைக்கும் வருவார். அங்கேயே உட்கார்ந்துகொள்வார். கரைக்கு மட்டும் வர மாட்டார். நான்தான் தனியாகப் போய் அருளப்பனுக்குப் பூப்போட்டுவிட்டு வருவேன்.

"ஏன் வர மாட்டேங்கீங்க?" என்று ஒரு வருஷம் சண்டையே போட்டேன்.

"வெறுங்கையோட எப்படிட்டி போவேன்?"

"கையிலதான் பூ இருக்கே!"

"அந்தப் பூ இல்ல" என்றார்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கப்பலை விட்டு வந்து பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, திருச்செந்தூர் ரோட்டில் ஒரு நர்சரியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஹைப்ரிட் செம்பருத்தியைப் பார்த்தார். ஒரு பூவின் தூளை இன்னொன்றில் தடவினால் இதுவரை யாரும் பார்க்காத நிறமெல்லாம் வரும் என்று நர்சரிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது இவருக்கு. நடுக்கடலில் பார்த்த அந்த நிறத்தில் ஒரு பூவை உண்டாக்கி, தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அருளப்பன் இவர் கனவில் வருவான். எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஈரக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். கால் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்குமாம். வயது ஏறவே இல்லையாம் அவனுக்கு. "பாத்தீங்களாண்ணே?" என்று கேட்பானாம். இவருக்கு வாய் திறக்க வராது. முழிப்புத் தட்டியதும் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். சில நாள் நானும் பின்னாலேயே போவேன். சுவரில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் பனி விழுந்த சுவர் ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாக ஈரமாக இருக்கிற மாதிரி எனக்கும் தோன்றும். தோன்றியது என்றுதான் சொல்கிறேன், சத்தியம் பண்ணச் சொல்லாதீர்கள்.

இப்படியே காலைகள் போயின. மாம்பழ மஞ்சளில் பூத்தது. செங்கல் நிறத்தில், நடுவில் வெள்ளை வட்டத்தோடு பூத்தது. மோர் நிறத்தில் ஒன்று பூத்தது, அதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. எல்லாவற்றையும் "இது இல்ல" என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் நீங்கள் நடந்தால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இவர் வேண்டாம் என்று தள்ளியது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். எனக்கு ஆத்திரமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

போன வருஷம் பெனிஷா முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் அயர்லாந்தில் நர்ஸ். இவருக்கு முழங்கால் போய்விட்டது, எனக்குச் சர்க்கரை. இனிமேல் தனியாக விட்டு வைக்க முடியாது, கிளம்பி வாருங்கள் என்றாள். நவம்பர் கடைசிக்கு டிக்கெட் போட்டாயிற்று. மகள் கூப்பிடுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கல்லறைத் திருநாளை விட்டால் இனி எப்போது உவரிக்குப் போவோம், போவோமா, அதெல்லாம் யார் கண்டது? இவர் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தார். பூக்காத செடி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த நர்சரிக் கத்தரிப்பூவுக்கும் சாம்பல் ஓடிய ஒரு வெள்ளைக்கும் பிறந்தது. மொத்த நம்பிக்கையும் அதன் தலையில் உட்கார்ந்திருந்தது.

அது மே மாதத்தில் பூத்தது. அக்கினி வெயில், மாடித் தரையில் கால் வைக்க முடியாது. இவர் வாளியில் உட்கார்ந்திருந்தார். நான் படியில் நின்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். பூ விரிந்தது. துவைத்துத் துவைத்துச் சாயம் போன பழைய லுங்கி இருக்குமே, அந்த மாதிரி ஒரு வெளிறிய ரோஸ். அவ்வளவுதான்.

இவர் "இது இல்ல" என்றுகூடச் சொல்லவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பக்கத்து வீட்டில் ஜுபைதா பீவி இருக்கிறார், மேலப்பாளையத்திலிருந்து வந்து குடியேறியவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நல்ல அடர்த்தியான தலைமுடி, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மதில் சுவரில் தொட்டியை வைத்து, "இதை வெச்சுக்கிடுங்க. இலையாவது தலைக்கு ஆகும்" என்றார் இவர்.

"அல்லாவே! நல்ல செடியால்லா இருக்கு, ஏன் குடுக்கீங்க?"

இவர் உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. நான் திட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் நானும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு காலையில் எழுந்து மாடிக்குப் போக வேலை இல்லை அவருக்கு. குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போக ஆரம்பித்தார். நானும் துணைக்குப் போவேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். மருத மரத்து நிழல் தண்ணீரில் ஆடும். மீன்குஞ்சுகள் வந்து அவர் காலைக் கடிக்கும், எடுக்க மாட்டார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது தெரசா?" என்று ஒருநாள் கேட்டார்.

"என்ன கேள்வி இது? புன்னைக்காயல்ல போய்க் கடல்ல விழும்."

"அப்ப அவன்கிட்டப் போகும்" என்றார்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் கோபமும் சேர்ந்து வரும், அதனால்தான்.

பெட்டிகள் கட்டினோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரே குளிர்ந்தது. நவம்பர் முதல் தேதி சாயங்காலம் கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜுபைதா கூப்பிட்டார்.

"தெரசாக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். அண்ணாச்சி குடுத்த செடியில வாரா வாரம் இலையப் பறிச்சேன்லா, அதுக்கு ஏதோ ஆகிப்போச்சு போல. இன்னைக்குக் காலையில ஒரு பூ, ஒரு நிறமா பூத்துச்சு. சீக்குப் புடிச்ச மாதிரி."

அவர் வீட்டு மாடிக்குப் போனேன். பூ அதற்குள் வாடிச் சுருண்டு கிடந்தது. பார்த்தால் அதே பழைய ரோஸ்தான். சும்மா இருக்காமல் இதழை விரலால் விரித்துப் பார்த்தேன். அடியில், மடிப்புக்குள், ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று. நானும் உவரிக்காரிதானே? கருக்கலில் மீன் எடுக்கக் கரைக்குப் போனவள்தானே? பக்கத்துக் கிளையில் இன்னொரு மொட்டு, நாளைக்கு விரிகிற பருவத்தில், நீளமாக நின்றது.

"ஜுபைதா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த மொட்டைத் தொட்றாதீங்க."

"நான் ஏன்க்கா தொடப் போறேன்? நீங்க ஏன் இப்படிப் பதறுதீங்க?"

இவரிடம் நான் மூச்சு விடவில்லை. மறுபடியும் ஏமாந்தால் அந்த மனிதர் தாங்க மாட்டார். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கிய நான் ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

விடிந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "ஏங்க, ஜுபைதா வீட்டு மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுதாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று இவரை எழுப்பினேன். எஞ்சின்காரர் அல்லவா, குழாய் ஒழுகுகிறது என்றால் முழங்கால் வலி மறந்துபோகும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தொட்டி ஒழுகுகிறது என்று இவர் சொன்னதை நம்பிய ஜுபைதாவும் நானும் பின்னாலேயே ஏறினோம். மாடியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார்.

பூ அப்போதுதான் முழுக்க விரிந்திருந்தது. நீலம் என்று சொல்லலாம் என்று பார்த்தால் சாம்பலாக இருந்தது. சாம்பல் என்று சொல்வதற்குள் கத்தரிப்பூவாக மாறியது. தூறல் துளி உருண்ட இடத்தில் எல்லாம், அடியில் ஒரு ரோஸ் ஓடியது. சுற்றிலும் மேகம் கவிந்த வெளிச்சம். அந்த நிறம் இதழ் விளிம்போடு நிற்கவில்லை, காற்றிலும் கொஞ்சம் பரவி இருந்த மாதிரி இருந்தது. எங்கள் மூன்று பேர் முகத்திலும் அது விழுந்திருந்தது.

"தெரசா" என்றார். "இதான். இதான்டி அது."

கையில் ஸ்பானரோடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதழை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல வெளுத்திருக்கு. குளுந்தாத்தான் இதோட நெசமான நிறம் வரும் போல. நான் ஒரு மடையன், மே மாசத்துல பூத்ததைப் பாத்துட்டுத் தூக்கிக் குடுத்துட்டேன். எஞ்சின் ரூம்ல கெடந்தவனுக்கு மே என்ன, நவம்பர் என்ன."

"அப்ப தண்ணித் தொட்டி?" என்றார் ஜுபைதா பாவமாக.

பூவை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்தேன். செம்பருத்திக்குத் தண்ணீர்கூட வேண்டாம், பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அதற்கு ஆயுசு ஒரு பகல்தான். புது பஸ் ஸ்டாண்டில் உவரி பஸ்ஸில் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் மாலையும் மெழுகுதிரியும். எனக்குப் பின்பக்க சீட்டில் இடம் கிடைத்தது. இவர் வழக்கம்போல முன்னால் டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடித்தார். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே போனால்தான் இவருக்கு பஸ்ஸில் போன மாதிரி இருக்கும். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாங்குநேரி தாண்டியதும் மேகம் விலகி வெயில் அடித்தது. அவர் முகத்தை டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

உவரியில் இறங்கினோம். தகப்பனார் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இவர் எழுந்து கரைப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மணல் கொதித்தது. வல்லங்கள் ஏறிக் கிடந்தன. அலை பக்கத்தில் போய் நின்று டப்பாவைத் திறந்தார்.

சாயம் போன லுங்கி.

நான்தான் முதலில் புரிந்துகொண்டேன். பஸ் எஞ்சின் மூடியை ஒட்டித்தானே உட்கார்ந்து வந்தார்? அந்தச் சூடு முழுக்க டப்பாவில் இறங்கியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் காலைச் சுடுகிறது என்று எழுந்து பின்னால் வந்திருப்பார்கள். இவருக்கு அந்தச் சூடு உறைக்கவே இல்லை, இருபது வருஷம் அதில் வெந்த உடம்பு.

இவர் டப்பாவை மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ வெடித்துவிட்டது.

"நில்லுங்க!" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "எங்க போறீங்க? அன்னைக்கு நானும் இங்கனதான் இருந்தேன், என் காதால கேட்டேன். அந்தப் பய உங்ககிட்டக் கொண்டுவாங்கன்னா கேட்டான்? சொல்லுங்கன்னுதான கேட்டான்! நீங்களும் பாத்துட்டு வந்து சொல்லுதேன்னுதான சத்தியம் பண்ணுனீங்க! பாத்தீங்கள்லா? வாய் இருக்குல்லா? பத்து வருஷமா பூவைப் புடிச்சுத் தொங்குதீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா அவன்கிட்ட?"

அழுதுகொண்டே திட்டினேன். அவர் ஒரு சின்னப் பிள்ளை பாடத்தை மறந்து நிற்கிற மாதிரி நின்றார். பிறகு திரும்பிக் கடலுக்குள் நடந்தார். வேட்டி நனைந்தது, முழங்கால் வரை தண்ணீர் வந்தது. டப்பாவைத் திறந்து பூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"லே அருளப்பா" என்றார்.

அலை வந்து போனது.

"பாத்தேன்லே. நீ சொன்னல்லா, அது நடுக்கடல்லயும் இருக்கு. அங்கன கரை இல்லலா, அதனால அதுக்கு ஓரமே கெடையாது. நாலு பக்கமும் அதுதான். மேல எது, கீழ எதுன்னு தெரியல. கப்பலே அதுக்குள்ள தொங்குத மாதிரி இருந்துச்சு. உன்னை நெனச்சேன்லே. நீ சொன்னதைவிட நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா செத்த நேரந்தான். இங்கன எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் அங்கயும். பிடிச்சு வைக்க முடியல. இன்னைக்குக் காலையில கூட வந்துச்சு, உனக்குக் கொண்டாரணும்னு பாத்தேன். அதுக்குள்ள போயிட்டு."

வெளிறிய பூவைத் தண்ணீரில் விட்டார். அது கொஞ்ச தூரம் மிதந்து போய், ஒரு அலையில் தெரிந்து, அடுத்த அலையில் தெரியவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். வாயே கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அந்த மனிதர் இன்னும் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றி, பெனிஷாவைப் பற்றி, நாங்கள் போகப் போகிற ஊரைப் பற்றி. காற்றில் பாதி என் காதில் விழவில்லை. எனக்கு விழ வேண்டியதும் இல்லை.

வெகு நேரம் கழித்து ஈர வேட்டியோடு வந்து மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் லேசாக இருந்தது. எனக்கும் கோபம் போயிருந்தது. வாயைக் கிண்டுவோம் என்று, "இவ்வளவு பேசுனீங்களே, உங்க தம்பி பதிலுக்கு ஏதும் சொன்னானா?" என்றேன்.

"சொன்னான்" என்றார். கடலைப் பார்த்தபடியே சிரித்தார்.

"என்ன சொன்னான்?"

"'நானும் தெனமும் பாக்கேண்ணே, நான் அங்கனதான இருக்கேன்'னான்."

அவரிடமிருந்து காலி டப்பாவை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.